தகரம் தட்டியதும் வீச வேண்டும்

மிதக்கும் தூண்டில் இரை வாங்க வருகிறவர்கள் முதலில் அதன் முதுகைத்தான் பார்க்கிறார்கள். பச்சையில் கறுப்புப் புள்ளி, நீலத்தில் வெள்ளிக்கோடு என்று தடவிப் பார்த்துவிட்டு, "இது கொள்ளாமே", நன்றாக இருக்கிறதே, என்பார்கள். மீன் கீழே இருக்கிறது. அதற்குத் தெரிவது வயிறு மட்டும்தான். இருபத்திரண்டு வருடமாகக் கொச்சி மட்டாஞ்சேரியில் தூண்டில் கடை வைத்திருக்கிறேன். இதைச் சொன்ன பிறகு லூரைத் திருப்பிப் பார்த்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். லூர் என்றால் இந்தப் பொய் இரைதான் மேடம். எல்லோரும் இப்போது அப்படித்தான் சொல்கிறார்கள்.

இன்ஸ்பெக்டர் மேடம், நீங்கள் பாலக்காட்டுக்காரர் என்பதால் வாக்குமூலத்தைத் தமிழிலேயே சொல்கிறேன். ஸ்டேஷன் ரைட்டர் மலையாளத்தில் தட்டச்சு செய்துகொள்ளட்டும். எங்கள் வீட்டில் பேச்சு தமிழ், படிப்பு மலையாளம். அடித்ததை நான் வாசித்துப் பார்த்துக்கொள்வேன்.

நான் வந்தது சங்கிலிப்பாண்டிக்காக. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கும்பளங்கிப் பக்கத்தில் இறால் வளர்க்கும் கட்டு ஒன்றில் மதகுப் பலகை எடுக்கிறவன், உசிலம்பட்டிக்காரன். பதினெட்டு நாளாக உள்ளே இருக்கிறான். தகரம் தட்டி எச்சரிக்காமல் பலகையை எடுத்தான், அதனால் என் தங்கை நிஸாவின் கணவன் ஷமீர் தண்ணீரோடு போய் இறந்தான் என்பது அவன் மேல் உள்ள வழக்கு. அவன் தட்டினான். மூன்று முறை தட்டினான். அதைக் கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவன் ஷமீர். இன்னொருவன் நான்.

"இது போதும் இக்கா" என்றீர்கள். "இத அப்படியே மாஜிஸ்திரேட்கிட்ட வந்து சொல்லுங்க. அவன் இன்னிக்கே வெளிய வந்துடுவான். அஞ்சு மணிக்கு அவர் கோர்ட்ட முடிச்சு எழுந்திரிச்சிடுவார். நாளையிலேர்ந்து கிறிஸ்துமஸ் லீவு. விட்டா பத்து நாள் ஆகும்."

போதாது மேடம். தகரம் தட்டினான் என்று மட்டும் சொன்னால், தட்டியும் ஷமீர் ஏன் கரையேறவில்லை என்று அவர் கேட்பார். அதற்குப் பதில் லூரில் இருக்கிறது. மணி மூன்று பத்துதான் ஆகிறது. நேரம் இருக்கிறது.

வெளிநாட்டு வீடியோக்களில் பாஸ், பாஸ் என்று துள்ளவிடுகிறார்களே, அந்தப் பெரிய வாய் மீன் நம் காயலில் கிடையாது. நமக்கு ஆசியக் கடல் பாஸ். இங்கே காளாஞ்சி என்பார்கள், தமிழ்நாட்டில் கொடுவா. வாயைத் திறந்தால் ஒரு சாயா கிளாஸ் உள்ளே போகும். அது கடிப்பதில்லை, உறிஞ்சுகிறது. சட்டென்று வாயைத் திறக்கும், அங்கே இருக்கிற தண்ணீர் உள்ளே பாயும், தண்ணீரோடு இரையும் போகும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

மிதக்கும் லூரைத் தேர்ந்தெடுப்பதில் மூன்று விஷயம் இருக்கிறது. முதலாவது தண்ணீர். கண்ணாடி மாதிரி அசையாமல் கிடக்கும் தண்ணீரில் சத்தம் போடுகிற லூரை எறிந்தால் மீன் ஓடிவிடும். அங்கே பென்சில். வாய் இல்லாமல், நீளமாக, வாலில் கனம் வைத்தது. காற்றும் அலையும் உள்ள கலங்கல் தண்ணீரில் பென்சில் போவது மீனுக்குத் தெரியாது, அங்கே பாப்பர் வேண்டும். பாப்பருக்கு முகத்தில் கிண்ணம் மாதிரி ஒரு குழி. கோலை ஒரு சுண்டு சுண்டினால் அந்தக் குழி தண்ணீரை அள்ளித் துப்பும், 'பொளக்' என்று சத்தம் வரும். புல்லும் பாசியும் மண்டிய இடத்தில் தவளை. உள்ளே காற்று அடைத்த ரப்பர் தவளை. கொக்கி முதுகோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் புல்லில் மாட்டாது. மீன் வாயில் அமுக்கினால்தான் கொக்கி வெளியே வரும். அதனால் தவளையை மீன் எடுத்ததும் உடனே இழுக்கக் கூடாது, இரண்டு எண்ண வேண்டும்.

இரண்டாவது, மீன் அந்த நேரத்தில் எதைத் தின்கிறது என்பது. இறால் கட்டில் அது இறால்தான் தின்னும். கைவிரல் நீளத்துக்கு மேல் லூர் கூடாது. வயிறு பொன்னிறம்.

மூன்றாவதைப் பிறகு சொல்கிறேன்.

சிரிக்கிறார் பாருங்கள் ரைட்டர். அவரும் அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறார்.

ஷமீருக்கு மீன் பிடிக்கும் வீடியோ போடுகிற சேனல் ஒன்று இருந்தது. வீட்டுக்கு வந்த மச்சான், ஆறு வருடமாக என் கடையிலிருந்துதான் தூண்டில் சாமான் எடுத்துக்கொண்டு போவான். அதில் எனக்கு வருத்தமில்லை. ஒரு சாமானை எடுத்துக் கொடுக்கும்போது அதைப் பற்றி நான்கு வார்த்தை சொல்வேன் இல்லையா, இரண்டாவது வார்த்தையில் எழுந்துவிடுவான். "மச்சான், கிளாஸ் எடுக்காதீங்க, சாதனத்த எடுங்க." ஒருநாள் பாப்பரின் முன்னால் ஃப்ளோரோகார்பன் நரம்பைக் கட்டிக்கொண்டு நின்றான். அந்த நரம்பு தண்ணீரில் முங்கும். முங்கினால் பாப்பரின் மூக்கைக் கீழே இழுக்கும், கிண்ணத்தில் தண்ணீர் சரியாக ஏறாது, சத்தம் வராது. மிதக்கும் லூருக்குச் சாதாரண நைலான்தான் வேண்டும். இதை நான் சொல்லத் தொடங்கியதும், "எந்தா மச்சான் இது, மீன் பிடிக்கவா, பி.எட். படிக்கவா?" என்றான். கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அன்று அவனுக்கு மீன் கிடைக்கவில்லை. காரணம் என்ன என்று அவன் கேட்கவும் இல்லை. கேட்காதவனிடம் பிழை இருந்துகொண்டே இருக்கும் மேடம், அதுதான் பார்க்கச் சங்கடமாக இருக்கும்.

போன வருடம் கடைக்கு வந்து, "மச்சான், இந்த மிதக்குற டாப் வாட்டர் லூர் பத்தி ஃபுல்லா சொல்லுங்க, எடுத்துப் போடுறேன்" என்றான். நான் இஸ்திரி போட்ட சட்டை மாற்றிக்கொண்டு வந்தேன். நாற்பது நிமிடம் பேசினேன். என் வாழ்க்கையில் நாற்பது நிமிடம் குறுக்கே யாரும் பேசாமல் நான் பேசியது அன்றுதான். அவன் போட்டது பதினோரு வினாடி. "இதில் மூன்று விஷயம் இருக்கிறது. முதலாவது" என்று நான் விரலை நீட்டுகிறேன், அங்கே நிறுத்தி, ஒரு ஆடு கத்துகிற சத்தத்தைச் சேர்த்திருந்தான். கீழே 'மச்சான் தொடங்கியாச்சு' என்று தலைப்பு. நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். அதற்குப் பிறகு பஜாரில் நான் நடந்தால் ஆட்டோக்காரர்கள் ஒரு விரலை நீட்டுவார்கள். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளு எடுக்கும் இடத்தில் ஒருவர், "அலாவுதீனிக்கா, மூணாவது விஷயம் என்னது?" என்று கேட்டார். நான் சொல்வதற்குள் தொழுகைக்குப் போய்விட்டார்.

நிஸாவிடம் சொன்னேன். "போட்டும் அண்ணே, தமாஷுக்குத்தானே. நீங்களும் கொஞ்சம் சுருக்கிப் பேசினா என்ன?" என்றாள்.

கோபம் எனக்கு வருவதில்லை. நான் யோசிக்கிறவன். மூன்றாவது விஷயத்தை யாரும் கேட்கவில்லையே, அதை ஒருமுறை செய்து காட்டினால் என்ன என்று யோசித்தேன்.

மணி மூன்றே முக்கால். இருக்கிறது, இருக்கிறது. நீங்கள் கடிகாரத்தைப் பார்த்தால் எனக்குத் தொடர்ச்சி விட்டுப்போகிறது.

கட்டு என்பது வயலுக்குள் காயல் தண்ணீரைத் தேக்கி இறால் வளர்ப்பது. வயலுக்கும் காயலுக்கும் நடுவில் மதகு. இரண்டு பக்கமும் கல்லில் வெட்டிய காடி, அந்தப் பள்ளத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பலகைகள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் காயல் நன்றாக வற்றும். அப்போது பலகைகளை எடுப்பார்கள், வயல் தண்ணீர் வெளியே பாயும், மதகின் மறுபக்கம் கட்டியிருக்கிற வலையில் இறால் விழும். மேல் பலகைகளை எடுத்தால் தண்ணீர் சாதுவாகத்தான் போகும். அடிப்பலகையை எடுத்தால் விஷயம் வேறு. மொத்த வயலும் ஒரு கதவகலத்துக்குள் புக வேண்டும். அதனால்தான் அடிப்பலகைக்கு முன்னால் தகரம் தட்டுவது. வயலுக்குள் யாராவது கை வலையோ தூண்டிலோ போட்டுக்கொண்டு நின்றால் ஏறிவிடச் சொல்லி. அந்தப் பக்கம் பிறந்த எல்லோருக்கும் இது தெரியும். ஷமீர் ஆலுவாக்காரன், ஆற்றங்கரையில் வளர்ந்தவன். அவனுக்குத் தகரம் வெறும் தகரம்தான்.

காளாஞ்சி சரியாக அந்த மதகின் வாயில்தான் நிற்கும். தண்ணீர் வருடக்கணக்காகத் தோண்டிய குழி ஒன்று அங்கே உண்டு. இறாலெல்லாம் அந்த வழியாகத்தானே போக வேண்டும். புத்தியுள்ள மீன்.

டிசம்பர் அமாவாசைக்கு நான்கு நாள் முன்னால் ஷமீர் கடைக்கு வந்தான். பெரிய மீன் ஒன்றும் கிடைப்பதில்லை, பார்க்கிறவர்கள் குறைகிறார்கள் என்று புலம்பினான். நான் அலமாரியைத் திறந்து ஒரு பாப்பரை எடுத்தேன். விரல் நீளம், பொன் வயிறு. அவன் வாங்கி முதுகைப் பார்த்தான்.

நான் சுருக்கமாகச் சொன்னேன். நிஸா சொன்ன மாதிரி. கட்டு எங்கே இருக்கிறது, காலை ஐந்தரைக்குள் போய்விட வேண்டும், வெளிச்சம் வருவதற்கு முன்னால் உள்ள அரைமணிதான் காளாஞ்சி மேலே வரும் நேரம். நெற்றி விளக்கை அணைத்துவிட வேண்டும். மதகில் ஒருவன் தகரம் தட்டுவான். அந்தச் சத்தத்துக்கு இறால் துள்ளும், இறால் துள்ளினால் காளாஞ்சி எழும்பும். அதனால் தகரம் தட்டியதும் வீச வேண்டும். விழுந்ததும் லூரை இழுக்கக் கூடாது. விழுந்த இடத்திலிருந்து வட்டம் வட்டமாக அலை போகும் இல்லையா, அது முழுக்க அழியும்வரை அசையாமல் நிற்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது, யார் கூப்பிட்டாலும் பதில் கூடாது. அலை அடங்கியதும் ஒரு சுண்டு.

இதில் பொய் என்று ஒன்றும் இல்லை மேடம். அலை அடங்கும்வரை காத்திருப்பதைவிடப் பெரிய பாடம் மிதக்கும் லூரில் கிடையாது. இதை ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் சொல்கிறேன்.

"அவ்வளவுதானே? எங்க நிக்கணும், மதகு பக்கத்துலயா?" என்று கேட்டான்.

"மதகுக்கு நேரே, இடுப்பளவு தண்ணீர்ல நின்னாத்தான் வீச்சு எட்டும்னு எல்லாரும் நெனைப்பாங்க" என்றேன். அதற்குப் பிறகு இன்னும் ஒரு வாக்கியம் இருந்தது. 'ஆனால் தண்ணீரில் இறங்கக் கூடாது, தகரம் தட்டினால் அடிப்பலகையை எடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம், வரப்பின் மேல் நின்றே வீசு.' அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவன் எழுந்துவிட்டான். "மச்சான் இன்னிக்கு சூப்பர், ரெண்டு நிமிஷத்துல முடிச்சிட்டாரு" என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனான்.

அந்த வாக்கியத்தை நான் கடைசியில் வைத்தேன். நான் செய்தது அது ஒன்றுதான்.

மூன்றாவது விஷயம் இதுதான் மேடம். தண்ணீரைப் பார், மீனின் தீனியைப் பார், அதற்குப் பிறகு கோலைப் பிடிக்கிறவனைப் பார். அவசரக்காரனுக்குத் தவளையைக் கொடுத்தால் இரண்டு எண்ணாமல் இழுப்பான், மீன் தப்பும். அவனுக்குப் பாப்பர்தான் சரி. அதோடு, சொல்வதைப் பாதி கேட்கிறவனுக்கு எந்தப் பாதி போய்ச் சேரும் என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. நாற்பது நிமிடத்தில் முப்பத்தாறாவது நிமிடத்தில் இதைச் சொல்லியிருந்தேன். அவன் வெட்டிப் போட்டுவிட்டான்.

அன்று காலை நானும் போனேன். பிளாஸ்க்கில் கட்டன் சாயாவோடு வரப்பில், ஒரு தென்னைக்குப் பின்னால், முப்பதடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். மூடுபனி. ஷமீர் வந்து, விளக்கை அணைத்து, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றான். போனை மார்பில் கட்டியிருந்தான். அது பிறகு தண்ணீரில் போய்விட்டது, பாவம், நல்ல போன். சங்கிலிப்பாண்டி மேல் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுத் தகரத்தை மூன்று முறை தட்டினான். "யாரும் தண்ணில நிக்கிறீகளா?" என்று கூப்பிட்டான். நல்ல குரல் அவனுக்கு. கொஞ்சம் பொறுத்து, "ஏப்பா, நின்னா ஏறிருங்கப்பா, அடிப்பலகையில கை வைக்கப்போறேன்" என்றான்.

ஷமீர் பதில் சொல்லவில்லை. வீசினான். வீச்சு சுமார்தான், ஆனால் சரியான இடத்தில் விழுந்தது. நைலான் கட்டியிருந்தான். வாழ்க்கையில் முதல்தடவையாக நான் சொன்னபடி அசையாமல் நின்றான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நானும் பதில் சொல்லவில்லை. ஒருவர் பேசும்போது குறுக்கே பேசும் பழக்கம் எனக்கு இல்லை.

பத்தொன்பது எண்ணினேன், அடிப்பலகை எழும்பியது. காளாஞ்சி எப்படி எடுக்கும் என்று முன்பே சொன்னேன். கடிப்பதில்லை. தண்ணீர் போகிறது, தண்ணீரோடு போகிறது. விடிந்த பிறகு வந்த ஆறு பேர் வலையிலிருந்து இறாலோடு அவனையும் இழுத்தார்கள். அந்த இறாலை விற்கவில்லை என்று சொல்கிறார்கள். விற்றார்கள். நானே ஒரு கிலோ வாங்கினேன், பேச்சுக் கொடுத்தால்தானே விவரம் தெரியும்.

நிஸா இப்போது என் வீட்டில், கணவனை இழந்தவர்கள் இருக்கும் இத்தா இருக்கிறாள். நான்கு மாதம் பத்து நாள் வெளியே போக மாட்டாள். அவளிடம் இப்போதுதான் எதையும் நிதானமாக விளக்க முடிகிறது. எதிரே உட்கார்ந்து கேட்கிறாள்.

எதற்காகப் பதினெட்டு நாள் சும்மா இருந்தீர்கள் என்று கேட்டீர்கள். சும்மா இல்லை. சங்கிலிப்பாண்டியின் மனைவி பேச்சியம்மாள் இரண்டாவது நாளே என் கடைக்கு வந்தாள். "பாய், நீங்க அந்தக் கட்டுப்பக்கம் போற ஆளுன்னாக. அவரு தகரம் தட்டாம பலகையில கை வைக்க மாட்டாரு பாய். தட்டுவாருன்னு ஒரு வார்த்த வந்து சொன்னீகன்னா போதும்." அவளுக்கு மதகு எப்படி வேலை செய்கிறது என்பதே தெரியவில்லை. ஒரு மணிநேரம் காகிதத்தில் படம் போட்டு விளக்கினேன். காடி, பலகை, குழி எல்லாம். "அதெல்லாம் சரி பாய், வந்து சொல்லுவீகளா?" என்றாள். கவனித்தே கேட்கவில்லை. அதற்குப் பிறகும் நான்கு முறை வந்தாள், ஒவ்வொரு முறையும் அதே கேள்வி.

முந்தாநாள் பேப்பரில் வந்ததைப் பார்த்துத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. 'தவளை லூர் பாசியில் சிக்கியதால் அதை எடுக்க இறங்கியபோது விபத்து' என்று போட்டிருந்தார்கள். தவளை எப்படிப் பாசியில் சிக்கும்? சிக்காமல் இருக்கத்தானே தவளை. அதோடு அந்த மதகு வாயில் பாசியே கிடையாது. நாலு பேர் படிக்கிற பேப்பர். ஒரு அப்பாவி உள்ளே கிடக்கிறானே என்று அன்றே முடிவு செய்தேன்.

அடித்துவிட்டாரா? கொடுங்கள், வாசிக்கிறேன். மணி நாலரைதானே. கோர்ட்டுக்குப் போகிற வண்டி வெளியே நிற்கட்டும். பேச்சியம்மாளும் வந்திருக்கிறாளா? நான் வரும்போதே பெஞ்சில் இருந்தாள். அவன் வெளியே வரும்போது போட்டுக்கொள்ள ஒரு வெள்ளைச் சட்டையைப் பையில் வைத்திருப்பதாகச் சொன்னாள். நல்லது.

மேடம், இங்கே 'தவளை' என்று அடித்திருக்கிறார்.

நான்காவது பத்தியில். 'தவளை வடிவப் பொய் இரையைக் கொடுத்து' என்று இருக்கிறது. இதைத்தான் இவ்வளவு நேரம் சொன்னேன்.

"பேனாவால அடிச்சு மேல எழுதி ஒப்பு வைங்க இக்கா, நேரமில்ல" என்கிறீர்கள். ஒரு சொல்லை மாற்றினால் போதாது மேடம். தவளை என்றால் கொக்கி வேறு, காத்திருக்கும் கணக்கு வேறு, ஏன் அவனுக்குப் பாப்பர் என்ற காரணமே இல்லாமல் போய்விடும். அந்தப் பத்தி முழுவதும் மாற வேண்டும். 'அலை அடங்கும்வரை' என்பதையும் விட்டிருக்கிறார். அது இல்லாவிட்டால் மாஜிஸ்திரேட்டுக்கு என்ன புரியும்? தப்பான காகிதத்தில் நான் கையெழுத்துப் போடுவதில்லை, கடை பில்லில்கூட. முதலிலிருந்து சொல்கிறேன், ரைட்டர் நிதானமாக அடிக்கட்டும்.

பாப்பருக்கு முகத்தில் கிண்ணம் மாதிரி ஒரு குழி.

இல்லை, நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். நான் முடிக்கவில்லை.

மணி ஐந்து அடித்துவிட்டதா. பரவாயில்லை, பத்து நாள்தானே, அவனுக்கும் ஓய்வு. அந்த அம்மாவை உள்ளே வரச் சொல்லுங்கள், தாமதம் ஏன் என்று நானே விளக்குகிறேன். பென்சிலை எப்படி இடமும் வலமுமாக நடக்க வைப்பது என்பது இன்னும் பாக்கி இருக்கிறது, அதையும் இப்போதே சேர்த்துவிடலாம். ரைட்டர், புதுக் காகிதம் போடுங்கள். நான் சங்கிலிப்பாண்டிக்காகத்தான் வந்தேன் என்பது முதல் வரியில் இருக்கட்டும்.